சீனிக்கு நாள் குறித்திருந்த காலம்

என் சிறுவயதுச் சின்னமனூரில் சீனி நினைத்த நேரத்தில் கிடைக்கிற சாமான் இல்லை. ரேஷன் கடையில் அட்டைக்கு இத்தனை என்று அளந்து போடுவார்கள். சரக்கு வந்துவிட்டது என்ற சேதி தெருவுக்குள் நுழைந்ததும் பெண்கள் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள். ஆலைகள் காய்ச்சும் சீனியில் பெரும்பங்கை அரசாங்கம் லெவி என்று குறைந்த விலைக்கு எடுத்து ரேஷனுக்கு அனுப்பும். மிச்சம்தான் வெளிக் கடைக்கு வரும். அந்த விலை எங்களுக்கு எட்டாது. வீட்டில் கல்யாணம் என்றால் பத்திரிகையைக் காட்டிச் சீனிக்குப் பெர்மிட் வாங்க வேண்டும். அந்த லெவி முறை 2013 வரைக்கும் இருந்தது என்று சொன்னால் என் மகளே நம்ப மறுக்கிறாள்.

ஊரில் தண்ணீருக்கோ பயிருக்கோ குறைவில்லை. 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணையிலிருந்து வரும் முல்லைப் பெரியாறு எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரில் விளைகிறது. சின்னமனூர் வெற்றிலைக் கொடிக்காலும் வாழைத்தோப்பும் வெளியூர்க்காரர்களுக்கும் தெரிந்தவை. ஆனால் சீனி டப்பா மட்டும் எங்கள் அப்பத்தாவின் கைக்கு மட்டுமே எட்டுகிற உயரத்தில் இருந்தது. காலையில் எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி. சீனி போட்ட காப்பி விருந்தாளிக்கு.

பிள்ளைகள் இனிப்புத் தின்பதற்கென்று நாட்கள் இருந்தன. தீபாவளிக்கு அதிரசம். தையில் பொங்கல். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா வந்தால் பொரியும் சீனிமிட்டாயும். ஆடிச் சனிக்கிழமையில் குச்சனூர் கோயிலுக்குப் போனால் அப்பா கை நிறைய ஏதாவது வாங்கித் தருவார். நடுவில் வருகிற வாரங்களில் வாழைப்பழமும் கொய்யாவும், ஆற்றங்கரையில் பொறுக்கிய நாவல்பழமும். 'இவ்வளவுதான் சாப்பிடலாம்' என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லத் தேவை வரவில்லை. இல்லாமையே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது.

அதனால்தான் பிறந்த குழந்தையின் நாக்கில் முதலில் வைக்க எங்கள் பக்கத்தில் சீனித் தண்ணீரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைக்கிறேன். சேனை வைப்பது என்பார்கள். குடும்பத்தில் நல்ல குணமுள்ள ஒருவர், பெரும்பாலும் வயதில் மூத்தவர், சீனித் தண்ணீரிலோ தேனிலோ விரலைத் தொட்டுக் குழந்தையின் வாயில் வைப்பார். சேனை வைத்தவரின் குணம் குழந்தைக்கு வரும் என்று நம்பிக்கை. எனக்கு வைத்தது என் அப்பத்தா. வீட்டில் இருந்ததிலேயே அருமையான பொருளை, இருப்பதிலேயே சிறிய வாய்க்குக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பழிக்க எனக்கு மனம் வராது.

என் பேத்தி பிறந்தபோது அதே வழக்கம் ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தது. சம்பந்தியம்மா சின்னக் கிண்ணத்தில் சீனித் தண்ணீரைக் கரைத்து மூடி எடுத்து வந்திருந்தார். என் மகள் படுக்கையில் இருந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டாள். "அத்தை, ஆறு மாசத்துக்குப் பால் தவிர எதுவும் வேணாம், தண்ணிகூட வேணாம்." பிறந்த 1 மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பது உலகம் முழுக்க மருத்துவர்கள் சொல்வது. சீனித் தண்ணீர் குடித்த பச்சைக் குழந்தைக்குச் சீம்பால் உறிஞ்சுகிற வேகம் குறையும். தண்ணீர் வழியாகத் தொற்றும் வரும். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, 1 வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கும். மேகமலைத் தேனாக இருந்தாலும் இதில் விலக்கில்லை. சம்பந்தியம்மாவின் முகம் வாடியது. பிறகு நர்ஸம்மாவே ஒரு வழி சொன்னார். சம்பந்தியம்மா கையைச் சுத்தமாகக் கழுவி, என் மகளின் பால் ஒரு சொட்டை விரலில் எடுத்துப் பேத்தியின் உதட்டில் தொட்டு வைத்தார். சேனை அப்படித்தான் நடந்தது. எல்லோரும் அழுதோம்.

இதை எழுதும் நான் யார் என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் இதே தாலுகாவில் 2 வயதுப் பிள்ளைகளுக்கு வெல்லம் சேர்த்த உருண்டையை வீடு வீடாகச் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தவள் நான்.

தேனி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை, அது 1996-ல்தான். நாங்கள் மதுரை மாவட்டத்தில் இருந்தோம். 1980-ல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்டது மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தை. பிறகு மற்ற ஒன்றியங்களுக்கும் வேறு மாவட்டங்களுக்கும் பரவியது. உள்ளூரிலேயே கொஞ்சம் படித்த, பிள்ளை பெற்று வளர்த்த பெண்களைப் பணியாளராக எடுத்தார்கள். கல்யாணமாகி, மடியில் ஒரு பிள்ளையோடு இருந்த எனக்கும் அந்த வேலை கிடைத்தது. சம்பளம் சொற்பம். ஆனால் தராசும் அட்டையும் கையில் வந்ததும் ஊரே என்னைப் புதிதாகப் பார்த்தது.

6 மாதத்திலிருந்து 3 வயது வரை உள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டு அட்டையில் புள்ளி வைப்போம். போன மாதப் புள்ளியையும் இந்த மாதப் புள்ளியையும் கோட்டால் இணைத்தால் பிள்ளை ஏறுகிறதா, நிற்கிறதா, இறங்குகிறதா என்று படிக்கத் தெரியாத தாய்க்கும் தெரிந்துவிடும். ஆரம்பத்தில் தராசு என்றாலே பயந்தார்கள். பிள்ளையைத் தொங்கவிட்டு நிறுத்தால் கண் பட்டுவிடும், எடை குறையும் என்று முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு போவார்கள். என் பிள்ளையை முதலில் நிறுத்துக் காட்டிய பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள்.

கோடு ஏறாத பிள்ளைக்கு உருண்டை. வறுத்த தானிய மாவும் பருப்பு மாவும் வெல்லமும் சேர்த்து, ஊர்ப் பெண்கள் குழுவாக உட்கார்ந்து பிடிப்பார்கள். ஏன் வெல்லம்? அந்தப் பிள்ளைகளின் வயிறு ஒரு கைப்பிடி அளவு. வீட்டில் கிடைத்ததோ நீர்த்த கஞ்சி. வயிறு நிறைந்துவிடும், உடம்பு நிறையாது. சின்ன உருண்டைக்குள் நிறையத் தெம்பை அடக்க வேண்டும், பிள்ளை முகம் சுளிக்காமல் தின்ன வேண்டும். அதற்கு வெல்லத்தைவிட மலிவான வழி அப்போது இல்லை. தாய்மார் வீட்டுக்குக் கொண்டுபோனால் நான்கு பிள்ளைக்குப் பங்காகிவிடும் என்பதால் எங்கள் கண் முன்னாலேயே தின்னச் செய்வோம்.

அந்தத் திட்டத்தில் எனக்கு இன்றைக்கும் பெரிதாகத் தெரிவது உருண்டை இல்லை, அதற்கு வைத்த கெடு. 90 நாள். அதற்குள் எடை வேண்டிய அளவு ஏறிவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம். ஏறவில்லை என்றால் தொடர்வோம், டாக்டரிடம் அனுப்புவோம். "எம்புள்ளைக்கு மட்டும் ஏன் நிறுத்துன?" என்று சண்டைக்கு வந்த தாய்மார் உண்டு. "ஒம்புள்ளை தேறிருச்சு தாயி. இனி நீ வைக்கிற சோத்துலயே வளரும். அந்த உருண்டை மருந்து மாதிரி, தேறுன பெறகு எதுக்கு?" என்று அட்டையை விரித்துக் காட்டுவேன். சோற்றில் பருப்பைக் கடைந்து போடு, ஒரு கரண்டி எண்ணெய் விடு, கீரை கிள்ளிப் போடு என்று சொல்லி அனுப்புவோம். திட்டம் நடந்த இடங்களில் கடுமையான சத்துக்குறைவு கணிசமாகக் குறைந்தது என்று பின்னால் வந்த மதிப்பீடுகள் சொல்லின. நாங்கள் அதை அறிக்கை வருமுன்பே பார்த்துவிட்டோம். தோல் சுருங்கிக் கிழவன் முகத்தோடு வந்த பிள்ளைகள் கன்னம் வைத்து ஓடினார்கள். 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் வந்ததும் 2 வயது தாண்டிய பிள்ளைக்கு மதியச் சோறும் உறுதியானது.

இப்போது என் பேத்திக்கு 2 வயது ஆகப்போகிறது. மகள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பதால் என்னோடு இருக்கிறாள். குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதில் சீனி, நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன், பிஸ்கட், ஜூஸ், சத்துமாவுப் பானங்கள் என்று வரிசையாக எழுதி எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே சொல்: வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 6 மாதம் முதல் 23 மாதம் வரை உள்ள குழந்தைக்குச் சீனி கலந்த பானம் கூடாது, சீனி மிகுந்த தின்பண்டம் கூடாது என்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2 வயது வரை சேர்த்த சர்க்கரை தேவையில்லை என்றுதான் சொல்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, பெரியவர்களே ஒரு நாளைக்கு 25 கிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது.

2 வயது முடிந்த பிறகு கணக்கு என்ன என்று மகளிடம் கேட்டேன். அந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,000 கலோரி வேண்டும். அதில் 5 சதவீதத்துக்குள்தான் சேர்த்த சர்க்கரை இருக்கலாம், அது 50 கலோரி. சீனியாக அளந்தால் 12 கிராம் சொச்சம், அதாவது 3 சின்னக் கரண்டி. பெட்டிக் கடையில் 10 ரூபாய்க்குத் தொங்கும் மாம்பழப் பானம் 150 மில்லி குடித்தால் அதிலேயே 15 கிராமுக்குக் குறையாது. ஒரே மூச்சில் நாள் கணக்கு முடிந்து கடனும் ஏறிவிடும். காலைப் பாலில் போட்ட சீனி, டீயில் நனைத்துக் கொடுத்த பிஸ்கட், காய்ச்சலுக்குக் குடித்த சிரப் எல்லாம் அதற்கு மேல்தான். இனிப்பே இல்லாதது என்று நம் பக்கத்தில் நோயாளிக்கும் கொடுக்கிற மேரி பிஸ்கட்டில்கூட 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது.

எங்கள் காலத்தில் பணக்கார வீட்டு அடையாளமாக இருந்த டப்பா மாவுகளின் கதை இன்னும் வேதனையானது. 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ என்ற அமைப்பு, நெஸ்லே நிறுவனத்தின் செரிலாக் குழந்தை உணவுகளை நாடு வாரியாகச் சோதித்து முடிவை வெளியிட்டது. இந்தியாவில் விற்றவற்றில் ஒரு வேளை உணவுக்குச் சராசரியாக 3 கிராமுக்கு நெருக்கமாகச் சேர்த்த சர்க்கரை இருந்தது. அந்த நிறுவனத்தின் சொந்த நாடான சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் விற்ற அதே வகை உணவில் சேர்த்த சர்க்கரை இல்லை. இங்குள்ள விதி ஓரளவு சேர்க்க இடம் கொடுக்கிறது. விதிக்கு உட்பட்டுத்தான் செய்தோம் என்றது நிறுவனம். அந்த ஆண்டு அக்டோபரில் வெள்ளைச் சர்க்கரை சேர்க்காத வகைகளை இங்கும் அறிவித்தார்கள். செய்ய முடியும் என்றால் முதலிலேயே ஏன் செய்யவில்லை என்பதுதான் என் கேள்வி. சின்னமனூர்க் குழந்தையின் நாக்கும் ஜூரிக் குழந்தையின் நாக்கும் ஒன்றுதான்.

சத்துப் பானங்களும் அப்படியே. 2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்ற இளைஞர் போர்ன்விட்டா டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துக் காட்டி வெளியிட்ட வீடியோவுக்குப் பிறகு நாடே அந்தப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தது. 100 கிராமில் 37.4 கிராமாக இருந்த சேர்த்த சர்க்கரையைப் போர்ன்விட்டா நிறுவனம் அந்த ஆண்டுக்குள்ளேயே 32.2 ஆகக் குறைத்தது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் வைத்து விற்கக் கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு எழுதியது. எங்கள் தெருவில் இன்றும் பிள்ளைபெற்ற வீட்டுக்குப் போகும்போது அந்த டப்பாவைத்தான் வாங்கிப் போகிறார்கள்.

நான் கொடுத்த வெல்ல உருண்டைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று மகளே ஒரு நாள் கேட்டாள். உருண்டைக்குத் தராசு காவல் இருந்தது. எந்தப் பிள்ளைக்கு, எத்தனை நாளைக்கு, எதற்காக என்று ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது. இன்றைய பொட்டலத்துக்கு அப்படி ஒரு நாள் இல்லை. தேறிய பிள்ளைக்கும் கொடுக்கிறோம், தேறாத பிள்ளைக்கும் கொடுக்கிறோம். இரண்டு பேரையும் அது வேறு வேறு விதமாகக் கெடுக்கிறது.

தேறாத பிள்ளையைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை. சோறு பொங்காத வீடு இன்று அரிது. ஆனாலும் ரத்தம் இல்லை. அதற்குக் காரணம் பல. இனிப்பு அதில் செய்கிற காரியம் இதுதான்: பதினோரு மணிக்கு ஒரு பொட்டலம் பிஸ்கட் தின்ற பிள்ளை மதியம் பருப்பையும் கீரையையும் முட்டையையும் தொடாது. இரும்புச்சத்து போக வேண்டிய இடத்தைச் சீனி பிடித்துக்கொள்கிறது. தாய் 'சாப்பிடவே மாட்டேங்குது' என்று மறுபடி பிஸ்கட்டையே கொடுக்கிறாள். கண்ணாடி போட்டுக்கொண்டு அங்கன்வாடியில் அட்டைகளைப் பார்த்தால், கோடு நிற்கிற பிள்ளைகளில் பலரின் கையில் இப்போதும் ஏதாவது ஒரு பொட்டலம் இருக்கிறது. எங்கள் நாளில் கோடு நின்றது உணவில்லாமல். இன்று உணவென்று நினைத்துக் கொடுப்பதனாலேயே நிற்கிறது.

பல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாயில் இருக்கிற கிருமி சீனியைத் தின்று அமிலம் விடுகிறது. அமிலம் பல்லின் மேல்பூச்சைக் கரைக்கிறது. இரவில் சீனிப் பால் பாட்டிலோடு தூங்கும் பிள்ளைக்கு அந்த அமிலம் விடிய விடியப் பல்லிலேயே நிற்கும். முன்பல் நான்கும் கரிந்து வேர் மட்டும் தெரியும் 3 வயதுப் பிள்ளைகளை எங்கள் தெருவிலேயே காட்டுவேன். விழுந்து முளைக்கிற பல்தானே என்கிறார்கள். வலி அந்தப் பல்லுக்கும் உண்டு. வலித்தால் பிள்ளை மெல்லாது. மெல்லாத பிள்ளைக்கு மறுபடி மெத்தென்ற பிஸ்கட்தான்.

பெரியவர்கள் ஆனபின் வருவது வேறு. 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வில் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு; தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். இதற்கும் குழந்தைப் பருவச் சீனிக்கும் தொடர்பு உண்டா என்று கேட்பவர்களுக்கு மகள் ஓர் ஆராய்ச்சியைச் சொல்வாள். இரண்டாம் உலகப் போரிலிருந்து பிரிட்டனில் சீனிக்கு ரேஷன். அது 1953 செப்டம்பரில் நீங்கியது; நீங்கியதும் மக்கள் தின்ற சீனி ஏறத்தாழ இரட்டிப்பானது. ரேஷன் காலத்தில் கருவில் இருந்து, பிறந்து, 2 வயதைத் தொட்டவர்களையும், ரேஷன் முடிந்தபின் பிறந்தவர்களையும் அவர்கள் முதியவர்கள் ஆனபின் ஒப்பிட்டார்கள். முதல் 1,000 நாள் சீனி குறைவாக இருந்தவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு சுமார் 35 சதவீதமும், ரத்தக்கொதிப்பு சுமார் 20 சதவீதமும் குறைவு. இந்த ஆராய்ச்சி 2024-ல் சயன்ஸ் இதழில் வந்தது.

அதைக் கேட்டபோது எனக்கு என் அப்பத்தாவின் கைக்கு மட்டும் எட்டிய அந்த டப்பா கண்முன் வந்தது. வறுமை நல்லது என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். அதன் முகத்தைத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தவள் நான். பிரிட்டன் அன்று பிள்ளைகளைப் பட்டினி போடவில்லை. சீனியைக் குறைத்து, பாலையும் ஆரஞ்சுச் சாற்றையும் மீனெண்ணெயையும் பிள்ளைகளுக்கென்று கொடுத்தது. எங்களுக்குச் சீனியும் இல்லை, மற்றதும் இல்லை. இன்று மற்றதெல்லாம் இந்தப் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது. இல்லாமை செய்துகொண்டிருந்த காவல் வேலையை மட்டும் யாராவது கையால் செய்ய வேண்டியிருக்கிறது, அதுவும் தினமும், அதுவும் அன்பாகக் கொடுக்க வருகிற மனிதர்களிடம்.

அன்பாகக் கொடுப்பவர்களைத் தடுப்பதுதான் கடினம். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா பையிலிருந்து கேக் எடுத்து நீட்டுவார். கோயிலில் பஞ்சாமிர்தம். மதினி வந்தால் முந்தானையில் முடிந்து மிட்டாய். "கொஞ்சூண்டுதான் மதினி, புள்ள ஏங்கிப்போகும்" என்பார். எங்கள் ஊரில் பிள்ளைக்கு ஏக்கம் என்பது சின்னச் சொல் இல்லை. பார்த்து ஏங்கினால் பிள்ளை மெலியும் என்று நம்புகிறவர்கள். நான் வாதாடுவதில்லை. என் பேத்திக்கு ஏக்கம் வருகிற பொருள் எது என்று தெரியுமா, என்று கேட்டு ஒரு வாழைப்பழத்தை அவர் கையிலேயே கொடுத்து ஊட்டச் சொல்வேன். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வருவாள். முழுப் பழத்தில் இருக்கும் இனிப்பு சேர்த்த சர்க்கரைக் கணக்கில் வராது. நாரோடு மென்று தின்பதால் மெதுவாகத்தான் ரத்தத்தில் இறங்கும். அதே பழத்தைச் சாறாகப் பிழிந்தால் கணக்கு மாறிவிடும். வாழைக்கும் ஓடைப்பட்டித் திராட்சைக்கும் நடுவில் இருந்துகொண்டு பாக்கெட் ஜூஸ் வாங்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை. திராட்சையைப் பிள்ளைக்கு நீளவாக்கில் நறுக்கிக் கொடுக்க வேண்டும், முழுசாகக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும்.

நாட்டுச் சர்க்கரை விஷயத்தில்தான் எங்கள் ஊரில் பெரிய மயக்கம். வெள்ளைச் சீனி விஷம், கருப்பட்டியும் வெல்லமும் மருந்து என்று படித்தவர்களும் பேசுகிறார்கள். வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். அதில் உள்ள இரும்புச்சத்தை நம்பிப் பிள்ளைக்கு ரத்தம் ஊற வேண்டுமானால் எவ்வளவு வெல்லம் தின்ன வேண்டும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வெல்லத்தின் மீது எனக்கு இருக்கும் நன்றி பெரியது. ஆனால் பிள்ளையின் நாக்கு அந்த வயதில் எதைப் பழகுகிறதோ அதையே பிறகு கேட்கும். நாக்குக்குச் சீனி என்றும் வெல்லம் என்றும் பேதம் தெரியாது, தித்திப்பு மட்டும்தான் தெரியும்.

அங்கன்வாடியில் இன்று 6 மாதம் முதல் பிள்ளைகளுக்குத் தரும் சத்துமாவிலும் வெல்லம் இருக்கிறது. அரசு அதை நிறுத்த வேண்டும் என்று சொல்ல மாட்டேன். கோடு இறங்கும் பிள்ளைக்கு அது இன்றைக்கும் உயிர். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே தித்திப்பு தேவையில்லை. வெல்லத்தைக் குறைத்துப் பருப்பையும் நிலக்கடலையையும் கூட்டலாம். தாய்மார் அதில் உப்புப் போட்டு அடையாகவும் கொழுக்கட்டையாகவும் செய்ய முடியும். மாதாமாதம் எடை போடும் அட்டை இன்னும் இருக்கிறதே, அதைப் பார்த்து முடிவு செய்கிற பழக்கத்தைத்தான் மீட்க வேண்டும்.

என் பேத்திக்கு என்ன கொடுக்கிறேன் என்று கேட்கிறார்கள். காலையில் இட்லியோடு பருப்பு சாம்பார். கேழ்வரகுக் கூழில் சீனிக்குப் பதில் மசித்த வாழைப்பழம். மதியம் நெய் விட்ட பருப்புச் சோறு, முருங்கைக்கீரை, அவித்த முட்டை. ஆற்று மீன் கிடைத்தால் முள்ளை எடுத்துவிட்டு. சாயங்காலம் அவித்த பச்சைப்பயறோ சீனிக்கிழங்கோ. இரவு தயிர்ச் சோறு. வெறும் பால் குடிக்கிறாள். சீனி போட்ட பால் என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது, அதனால் கேட்கவும் இல்லை. முருங்கைக்கீரையை முதலில் துப்பினாள். புது ருசியை ஒரு பிள்ளை ஏற்க எட்டுப் பத்துத் தடவையாவது வாயில் பட வேண்டும் என்பார்கள். நாங்களும் வற்புறுத்தாமல் ஒவ்வொரு நாளும் ஓரத்தில் ஒரு விரல் வைத்துக்கொண்டே இருந்தோம். இப்போது அவளே எடுக்கிறாள்.

இதைச் செய்ய எனக்கு நேரம் இருக்கிறது. விடியுமுன்பே திராட்சைத் தோட்டத்துக்கும் வாழைத்தார் வெட்டுக்கும் வேன் ஏறிப் போகிற பெண்களுக்கு அது இல்லை. அழுகிற பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுப் போகும்போது கையில் திணிக்க 5 ரூபாய்க்கு வேறு என்ன கிடைக்கும்? எந்தக் கடையிலும் முன்வரிசையில் தொங்குவது இந்தப் பொட்டலச் சரங்கள்தான். 2025 செப்டம்பரில் பிஸ்கட்டுக்கும் சாக்லேட்டுக்கும் ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வாழைப்பழ விலையைக் குறைத்துப் பெட்டிக் கடை வாசலில் தொங்கவிட யாரும் திட்டம் போடவில்லை. அந்தத் தாய்களைக் குற்றம் சொல்கிறவர்களை நான் என் வீட்டுத் திண்ணையில் உட்கார விடுவதில்லை.

எனக்கு வேண்டியது ஒன்று உண்டு. சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை மிகுந்த பொட்டலத்தின் முன்பக்கத்திலேயே எட்டுக் கோணக் கறுப்பு முத்திரை இருக்கிறது. இங்கேயும் அப்படி முகப்பு எச்சரிக்கை வேண்டும் என்ற வழக்கில், நிபுணர் குழு 3 மாதத்தில் பரிந்துரை தர வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த முத்திரை தமிழில், கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவில் வர வேண்டும். சம்பந்தியம்மா தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார். 'சர்க்கரை அதிகம்' என்று முன்னால் அச்சடித்திருந்தால் அவரே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பார். இங்கிலீஷில் பொடி எழுத்தில் பின்பக்கத்தில் ஒளித்து வைத்தால் அவர் என்ன செய்வார்?

அது வரும் வரைக்கும் அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் அங்கன்வாடியில் எடை போடும் நாளில் போய் உட்கார்வேன். டீச்சரம்மா ஒரு நாற்காலி போட்டுத் தருவார். தாய்மார் பிள்ளையோடு வரும்போது பையில் இருக்கும் பொட்டலத்தையும் என்னிடம் நீட்டுகிறார்கள். "இதுல எவ்வளவுக்கா இருக்கு?" நான் திருப்பி, 100 கிராமுக்கு எத்தனை கிராம் என்று பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படிக்கிறேன்.